கிராமத்தாருக்குப் புரியுமா?

உயர்ந்த ரஸனையுள்ள படங்கள் படித்தவர்களுக்கு மட்டுமே உரியவை என்றும், பாமர ஜனங்களுக்கு அவை புரியமாட்டா என்றும் ஓர் அபிப்பிராயம் நம் தேசத்தில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. படம் எடுக்கும் முதலாளிகளுக்கு இது சௌகரியமான சமாதானம். கற்றவர்களுக்கோ இனிப்பான கர்வம். இவ்விரு சாராரும் ஒருமுறை ஹெக்கோடு கிராமத்தின் கதையைக் கேட்பது நல்லது.

கன்னட நாட்டில், ஷிமோகா ஜில்லா சாகர் தாலூகாவில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் ஹெக்கோடு. நாடகம் நடத்துவதற்காக 1949-ல் அங்கே ஒரு சங்கம் தோன்றிற்று. நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் என்பது அதன் பெயர். சுருக்கமாக 'நீனாசம்' என்பார்கள். அதன் உயிர்நாடியாய் விளங்கியவர் ஸ்ரீ கே. வி. சுப்பண்ணா. மைசூரில் கல்லூரிப் படிப்பை முடித்தவர், பட்டணத்து உத்தியோகத்தை நாடாமல் சொந்த ஊருக்கே திரும்பினார். 1973-ல் அச்சங்கம் படக்காட்சிகளுக்கென்று தனியாக ஒரு கிளையை ஏற்படுத்தியது.

கல்கத்தாவில் சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947-லேயே பிலிம் சொசைட்டி ஒன்றை ஆரம்பித்ததுண்டு. ஆனால் அது மாநகரம். பாக்கு விவசாயிகளின் கிராமத்தில் இப்படி ஒரு முயற்சியா என்று அன்று பலர் புன்னகை செய்திருக்கக் கூடும்.

படங்களுக்கு எங்கே போவது? 1964-ல் பூனா நகரில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியிருந்தது. அதன் பொறுப்பை வகித்த ஸ்ரீ பி. கே. நாயர், பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பதையே தவமாகக் கொண்டவர். சேர்த்ததைப் பூட்டி வைப்பதோடு அவர் திருப்தி அடையவில்லை. பார்ப்பவர் இல்லாத படம் உயிரில்லாத படம் அன்றோ? காப்பகத்துப் பிரதிகள் ஹெக்கோட்டுக்கும் பிரயாணம் செய்தன.

அங்கே காட்டப்பட்டவை எவை தெரியுமா? இத்தாலி தேசத்து டி சிகாவின் 'பைசிகிள் தீவ்ஸ்' (1948), ஜப்பானியரான குரோசாவாவின் 'ராஷோமான்' (1950), ராயின் 'பாதேர் பாஞ்சாலி' (1955) போன்ற படங்கள்!

இவை கிராமத்தாருக்குப் புரியுமா என்ற கேள்வியையே நாம் திருப்பிக் கேட்கலாம். படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்ட சைக்கிள், வேலையில் சேர்ந்த முதல் நாளே களவு போகிறது. தகப்பனும் சிறு மகனும் ரோமாபுரி வீதிகளில் அதைத் தேடி அலைகிறார்கள். அடகுக் கடை வாசலை அறிந்தவனுக்கு இதில் எது புரியாது? ஒரு கொலையைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சாட்சி சொல்வது 'ராஷோமான்'. வழக்கும் சாட்சியும் அறியாத கிராமம் உண்டா? மழையில் நனைந்து ஜுரத்தில் மடியும் துர்க்காவுக்காகக் கண்ணீர் விடப் பட்டம் வேண்டுமா? பாஷை அந்நியமாக இருக்கலாம்; துக்கம் அந்நியமல்ல.

ஸ்ரீ நாயரைப் பற்றி 2012-ல் 'செல்லுலாய்ட் மேன்' என்ற படம் வெளிவந்தது. ஹெக்கோட்டு ஊரார் தாங்கள் கண்ட அந்தப் படங்களைப் பற்றி நினைவுகூர்ந்து பேசுவதை அதில் காணலாம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒரு நாள் திரை கட்டிப் படம் காட்டியதால் விளைந்த பலன் அல்ல இது. இருபத்து நான்கு ஆண்டுகள் நாடகம் பார்த்துப் பழகிய ஊர் அது. நல்லதைத் தேர்ந்தெடுக்க அங்கே ஒருவர் இருந்தார். கூடிப் பார்க்க ஓர் இடம் இருந்தது. பார்த்தபின் பேசத் துணை இருந்தது. காப்பகத்தாருடன் சேர்ந்து, திரைப்பட ரஸனைக்கென்றே வகுப்புகளும் நடத்தினார்கள். ரஸனை பிறவிச் சொத்தல்ல, பயிற்சியின் பயன் என்பது வகுப்பறையில் நாள்தோறும் நாம் காணும் உண்மை. முதல் வாசிப்பில் கம்பன் எந்தப் பிள்ளைக்கு வசப்பட்டிருக்கிறான்?

இன்று உலகத்துப் படங்கள் பலவும் கைப்பேசிக்கே வந்து விடுகின்றன. படத்துக்குப் பஞ்சமில்லை, தேர்ந்து கொடுப்பவருக்கும் கூடிப் பேசுவதற்குமே பஞ்சம். அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறுவர் படம் காட்டும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் தொடங்கியபோது நாம் மகிழ்ந்தது இதனால்தான். இத்தகைய காட்சிகளில் விளக்கைப் போட்டவுடன் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும். ஆசிரியர்கள் இன்னும் அரைமணி உட்கார வேண்டும். "அந்தத் தகப்பன் செய்தது சரியா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நாம் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளைப் பேச விடவேண்டும்.

புரியுமா என்று சந்தேகிப்பவர்கள், அந்த அரைமணி நேரம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.