துப்பறிய வேண்டிய இடம் எது?

இளவரசனைக் கொன்றவன் யார்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழகம் ஏடு புரட்டுகிறது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த 'பொன்னியின் செல்வன்', 2022-லும் 2023-லும் திரையேறியது. வரலாற்றுப் புதினம் என்கின்றனர். முடிசூட்டிய துப்பறியும் கதை என்கிறோம் நாம்! ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் புதினத்துக்குப் புதினம் தோன்றி வளர்த்துவிட்ட பசிக்கு, இங்கே சோழர் அரண்மனையில் பந்தி விரிக்கப்பட்டது. மாறுவேடம், சுரங்கவழி, மறைந்திருந்து கேட்கும் சதி, அடுத்த வாரம்வரை ஆவல்!

சுவையில்லை என்போமா? ஆடிப்பெருக்கன்று வீராணத்து ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவனோடு நாமும்தான் பயணம் போனோம். ஆனால் சோழர் காலம் பற்றி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் நந்தினியைப் பற்றியன்றோ எழுதுகின்றனர்! அவள் கற்பனை என்றால் முகம் வாடுகின்றனர்.

அந்த ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடிக் கோயிற் சுவரில், இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. புதினம் ஐயத்தில் விட்டதைக் கல் பெயர் சொல்லிக் காட்டுகிறது. கதையில் மந்திரவாதியாக வரும் ரவிதாசன், கல்லில் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்ற பட்டம் தாங்கி நிற்கிறான்! அரசு அளித்த, அந்தணர்க்குரிய உயர்பட்டம் அது. துரோகிகளின் நிலத்தைப் பறித்து விற்க ஆணை. அவர்தம் தலை உருண்டதாக அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. மாளிகைச் சதியைவிட இது பெரிய மர்மமன்றோ?

இன்னும் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்த் தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள் கொண்டுவரப்பட்டனர். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது, பிறந்த ஊர்க் கோயிலும் இருக்கிறது. விரும்பி வந்தனரா? கல் பேசவில்லை. அந்த நெல்லை விளைத்த கைகள் யாருடையவை? அதே கோயிற் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களை எண்ணும்போது, நத்தத்தோடும் குளத்தோடும் பறைச்சேரியையும் கம்மாணசேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு! பிரித்தவன் யார்? இதைத் துப்பறிய ஒரு கோவிந்தன் புறப்படவில்லையே, ஏன்?

இளவரசனின் ஓர் உயிருக்கு ஐந்து பாகம். ஏர்பிடித்தவன் வாழ்வுக்கு ஒரு பக்கமும் இல்லையா? நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சேரிப் பிள்ளை, தன் பாட்டன் பெயரை எந்தப் புதினத்தில் தேடுவான்?

கதை படியுங்கள், தோழர்களே! படித்தபின் கல்லையும் படியுங்கள். பெரிய கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களே, நந்தி முன் நிழற்படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள்! சுவரருகே நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்குங்கள். வயற்சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களும் பொன்னியின் செல்வர்களே!