பெயர் தமிழ், விதை எவருடையது?

மிளகாய் இல்லாத அடுக்களை தமிழகத்தில் இல்லை. ஆனால் தன் வீட்டுச் செடியில் பழுத்த பழத்தை உலர்த்தி, அதன் விதையையே அடுத்த ஆண்டும் விதைக்கும் வீடு எத்தனை? பாட்டி கைச்செப்பில் இருந்த விதை, பெயர்த்தி கையில் கடைப்பொட்டலமாக மாறிவிட்டது. இம்மாற்றத்தை எவரும் இழப்பென்று கருதவில்லை. இழந்ததை இழப்பென்று உணராமையே பேரிழப்பு!

'மிளகாயே அயல்நாட்டது, அதன் விதையைக் காக்கத் தனித்தமிழ்ப் பற்றாளர் முழங்குவதேன்?' என நகையாடுவாரும் உளர். அவர் நகைப்புக்கு விடை மிளகாயின் பெயரிலேயே உள்ளது.

கழகக் காலத் தமிழன் உறைப்புக்குக் கொண்டது கறி எனப்பட்ட மிளகே. முசிறித் துறைக்குக் கலமேறி வந்த யவனர் பொன் கொடுத்து அதனை வாங்கிச் சென்றனர். கீழை நாடுகளின் அத்தகு நறும்பொருள்களை நாடித்தான் 1492-இல் கொலம்பசு மேற்குக் கடலில் கலஞ்செலுத்தினான். அவன் கண்டது மிளகன்று. அமெரிக்கப் பழங்குடிகள் பன்னெடுங்காலம் பயிரிட்டுவந்த வேறோர் உறைப்புக் காய். 1498-இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் வழியாக அக்காய் இந்நாட்டிற்கு வந்தது.

வந்த பொருளைத் தமிழன் மறுக்கவில்லை. ஆனால் அதனொடு அயற்பெயரையும் சுமக்கவில்லை. மிளகு போல் உறைப்பது, காயாக இருப்பது. ஆகவே மிளகாய் என்றான். தெலுங்கர் மிரபகாய என்றதும், கன்னடர் மெணசினகாயி என்றதும் இம்முறையே. புலவர் அவை கூடி ஆக்கிய சொல்லன்று இது. ஏரடித்தவனும் அம்மியரைத்தவளும் ஆக்கிய சொல். அவ்வளவு அழகிய சொல் இருக்க, இன்றைய தமிழன் கடையில் நின்று 'சில்லி' என்கிறான். அஃது ஆங்கிலமுமன்று, மெக்சிக்கோ நாட்டு நகுவாத்து மக்களின் சொல்லை இசுபானியர் எடுக்க, அவர்வழி ஆங்கிலர் எடுத்தது. கடன் வாங்கியவனிடம் கடன் வாங்கி, அதனைப் பெருமையெனப் பேசுகிறான் மிளகாயென்னும் சொல்லுக்கு உரியவன்!

தனித்தமிழ் என்பது கதவடைப்பன்று. வந்ததைத் தன் வேரினின்று பெயரிட்டுத் தனதாக்கிக்கொள்ளும் ஆற்றலே தனித்தமிழ். அவ்வாற்றல் தளர்ந்தால் என்னாகும் என்பதற்குத் திருவண்ணாமலை வட்டாரமே சான்று. அங்குச் செம்மண் புன்செய்யெங்கும் விளையும் நிலக்கடலையும் அமெரிக்க மண்ணினின்று வந்ததே. நிலக்கடலை, வேர்க்கடலை என நல்ல பெயர்கள் இருக்கவும், மணிலா நகரின் பெயரைச் சுமந்த மணிலாக்கொட்டை, மல்லாட்டையாகத் திரிந்து ஊர்வாயில் நிலைத்துவிட்டது. தேவாரம் அண்ணாமலை என்றே போற்றிய மலையை, மலைவலம் வருவோர் 'அருணாசலம்' என்று வடமொழியில் அழைக்கக் கேட்கிறோமன்றோ? பெயரைப் பிறர் கையில் விட்டவன், பொருளையும் பிறர் கையில் விடுவான்.

பெயருக்குச் செய்ததையே விதைக்கும் செய்தனர் முன்னோர். வந்த விதையை வந்தபடியே விட்டுவிடவில்லை. மழை பொய்த்த ஆண்டில் எச்செடி தாங்கியது, எச்செடி நோய்க்கு நின்றது, எப்பழம் வற்றலுக்கு ஏற்றது என்று நோக்கி நோக்கி, தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கினர். அவ்வாறு பிறந்தவையே முகவை வறள்நிலத்தின் உருண்ட முண்டு மிளகாயும், சாத்தூர் விருதுநகர்ப் பக்கத்து நீண்ட சம்பா மிளகாயும். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்கத்தரியும் அவ்வாண்டே அதனைப் பெற்றது. விதை அயலது, ஆனால் முண்டும் சம்பாவும் தமிழ்மண் ஈன்ற பிள்ளைகள். அவற்றைக் கடையில் எவனும் படைத்துக் கொடுத்ததில்லை.

இன்றோ 'வீரிய ஒட்டு விதை' என வடசொற் பூச்சோடும், ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்த பெயரோடும் வண்ணப் பொட்டலங்கள் வருகின்றன. இரு வேறு வழிச் செடிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதை அது. முதல் விளைவில் செடிகள் ஒரே சீராய் நிற்கும். காயும் மிகுதியாய்க் காய்க்கும். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பழத்தின் விதையை எடுத்து விதைத்தால், அடுத்த தலைமுறை தாயைப் போல் இராது. ஒன்று நெடிதாய், ஒன்று குறிதாய், ஒன்று உறைப்பாய், ஒன்று சப்பென்று சிதறிப் போகும். ஆகவே ஆண்டுதோறும் கடைப்படி ஏற வேண்டும். ஒருமுறை விற்றவனுக்கு என்றும் வாங்குவோன் கிடைத்தான்; ஒருமுறை வாங்கியவனுக்கு என்றும் கைநீட்டும் நிலை கிடைத்தது.

சந்தைக்கு விளைவித்துக் கடனடைக்க வேண்டிய உழவன் மிகு விளைவை நாடினால், அவனைப் பழிப்பது அறமன்று. அவனுக்கு விலை உறுதி செய்யாத ஆட்சியே பழிக்குரியது. ஆனால் மொட்டைமாடியில் ஆறு தொட்டி வைத்திருப்பவனுக்கு என்ன கட்டாயம்? வீட்டுக்குப் பத்துச் செடி வளர்ப்பவளுக்கு எந்தச் சந்தை நெருக்கடி? கட்டாயத்தால் வந்த அடிமைத்தனத்தைப் பொறுக்கலாம். சோம்பலால் வந்ததைப் பொறுக்கலாகாது!

பயிர்வகைக் காப்பும் உழவர் உரிமையும் பற்றி நடுவணரசு 2001-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன் 39ஆம் பிரிவு, உழவன் தன் விளைவின் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பிறரொடு மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது. வணிகப் பெயரிட்டு விற்றல் மட்டும் ஆகாது. உரிமை ஏட்டில் உண்டு. ஆனால் வீட்டில் விதையே இல்லாதவனுக்கு விதையுரிமை எதற்கு? நாவில் சொல் இல்லாதவனுக்குப் பேச்சுரிமை கொடுத்தது போன்றதே அது.

நெல்லுக்கு இத்தாழ்வு நேர்ந்தபொழுது விழித்தெழுந்தோர் இருந்தனர். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டு வெளியேறி, 2013-இல் மறையும்வரை ஊர் ஊராய் நடந்து உழவரை எழுப்பினார் நம்மாழ்வார். நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டு, 2018-இல் மறைந்தார் நெல் செயராமன். நெல் காக்கக் கழனி வேண்டும். மிளகாய் காக்க ஒரு முழ நிலம் போதும். அதற்கும் கை எழவில்லையெனில் குறை நிலத்திலன்று, நெஞ்சிலே.

திருவண்ணாமலையில் வழி காட்டப்பட்டேயிருக்கிறது. மரமற்றுப் பாறையும் புல்லுமாய்க் கிடந்த மலைச்சரிவில், தன்னார்வலர் அம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் தேடித் திரட்டி, கன்றாக்கி, நட்டு, தீயினின்று காத்து, பல்லாண்டு உழைப்பால் பசுமை மீட்டுள்ளனர். மலைக்குச் செய்ததை மனைக்குச் செய்தல் அரிதா? புறக்கடைகள் விடுதியறைகளாக மாறிவரும் அந்நகரிலும் மாடிகள் உள, தொட்டிகள் உள, விளக்கீட்டு நாளில் அகல் வைக்கும் திண்ணைகளும் உள.

செய்முறை எளிது. கடகத் (ஆடித்) திங்களில் நாற்றுவிட்டு, ஆறு கிழமை அளவில் பெயர்த்து நடுக. இலைப்பேனும் இலைச்சுருளும் கண்டால், 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு இலிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தெளிக்க. மிளகாய்ப்பூ தன் தாதாலேயே காய் பிடிக்கும்; ஆயினும் தேனீ அயற்செடித் தாதைக் கொண்டுவந்து கலந்துவிடும். ஆகவே விதைக்கென ஒதுக்கிய கிளையில், மொட்டு விரியுமுன்னே மெல்லிய துணிப்பை கட்டுக. காய் பிடித்தபின் பையை நீக்கி, நூல் கட்டி அடையாளமிடுக. ஒரு செடியோடு நில்லாமல், நோயற்ற ஐந்தாறு செடிகளினின்று எடுக்க. பழம் செடியிலேயே நன்கு சிவக்கட்டும். பின் விதையைப் பிரித்து நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, ஈரம் புகாத கலத்தில் மூடி, வகையின் பெயரைத் தமிழில் எழுதி வைக்க. ஈராண்டு, மூவாண்டு கடந்தால் முளைப்பு குன்றும். ஆகவே பூட்டி வைப்பது காப்பன்று, ஆண்டுதோறும் விதைப்பதே காப்பு. சொல்லும் அத்தகையதே! அகரமுதலியில் கிடக்கும் சொல் வாழாது. நாவில் புழங்கும் சொல்லே வாழும்.

ஒரு பழத்தின் விதை ஒரு தெருவுக்குப் போதும். திருமணத்துக்கு வந்தோர்க்குத் தாம்பூலப் பையோடு ஒரு பிடி விதை கொடுக்கட்டும். மகளைக் கொடுக்கும் வீடு மிளகாய் வித்தையும் கொடுத்தனுப்பட்டும். பள்ளிப் பிள்ளை முண்டையும் சம்பாவையும் பெயர் சொல்லி அடையாளம் காணட்டும்.

முன்னோன் அயலான் கொணர்ந்த காய்க்குத் தமிழ்ப்பெயர் இட்டான். அதன் விதையைத் தமிழ்மண்ணின் விதையாக்கினான். பின்னோன் பெயரை அங்காடியில் தொலைத்தான். விதையைப் பொட்டலத்தில் தொலைத்தான். விதைநெல்லைக் குற்றித் தின்றவனையாவது பசி கெடுத்தது என்பர். கையிலிருந்த விதையைப் பசியின்றியே தொலைத்தவனை என்னென்பது?

சொல்லும் தமிழர் கையில் இருத்தல் வேண்டும். விதையும் தமிழர் கையில் இருத்தல் வேண்டும். ஒன்று தங்க, மற்றொன்று தங்கும். வீடுதோறும் வித்து முளைக்க! வித்துத்தோறும் தமிழ்ப்பெயர் நிலைக்க!