அந்த வாளியை யார் தூக்குறது?

இந்த மாசம் மட்டும் நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல மூணு பேர் டிஸ்கஸ் மீன் போட்டோ போட்டு "வாங்கலாமா?"ன்னு கேட்டுட்டாங்க. ப்ளேஸ்மென்ட் முடிஞ்சாச்சு, ஸ்டைபெண்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கு, ப்ராஜெக்ட் கைடும் ஊர்ல இல்ல. ஆசை வர்ற நேரம்தான். நான் ரெண்டரை வருஷமா டிஸ்கஸ் வளர்க்கறவன்னு தெரிஞ்சதால மூணு பேருமே எனக்குத் தனியா மெசேஜ் பண்ணாங்க. மூணு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "பிஎச் எவ்வளவு வெச்சிருக்கே?"

கேட்க வேண்டிய கேள்வி அது இல்ல. வீட்ல தண்ணி யார் மாத்துவாங்க? இதுக்கு உங்ககிட்ட நேர்மையான பதில் இருந்தா வாங்குங்க. இல்லன்னா காலேஜ் படிக்கும்போது டிஸ்கஸ் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல மீனைப் பத்தி. டிஸ்கஸ் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி நிக்க வெச்ச மாதிரி வட்டமா, தட்டையா இருக்கும். முழுசா வளர்ந்தா 15 முதல் 20 செ.மீ. வரை போகும். 1840ல வியன்னாவுல ஹெக்கல் என்பவர்தான் முதல்ல இதை அறிவியல் முறைப்படி பதிவு பண்ணார். அவர் விவரிச்ச வகை ரியோ நீக்ரோவுடையது. அந்த ஆத்துத் தண்ணி இலைச்சாறு இறங்கி டீ நிறத்துல இருக்கும். உப்பு கிட்டத்தட்ட கிடையாது, நல்ல அமிலத் தன்மை வேற. இதைப் படிச்சுட்டுத்தான் எல்லாரும் பிஎச் பின்னாடி ஓடுறாங்க. நானும் ஓடினேன்.

செகண்ட் இயர்ல கொளத்தூர் போய் ஆறு குட்டி வாங்கினேன். சென்னைல கலர் மீன்னாலே கொளத்தூர்தானே. ஒண்ணு 700 ரூபாய், ரெண்டரை இன்ச் சைஸ். தொட்டி நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். விளிம்பு வரைக்கும் ஊத்தினா 250 லிட்டருக்கு மேல பிடிக்கும். ஃபில்டர் மாட்டி ரெண்டே நாள்ல மீனை விட்டுட்டேன். எங்க வீட்டு போர் தண்ணில பிஎச் 7.8, டிடிஎஸ் மீட்டர் 1100னு காட்டுச்சு. அமேசான்ல 5ன்னு படிச்சவனுக்கு 7.8ஐப் பார்த்தா கை சும்மா இருக்குமா? பிஎச் குறைக்கற பாட்டில் வாங்கி ஊத்தினேன். 6.5க்கு வந்துச்சு. சந்தோஷமா தூங்கினேன். காலைல பார்த்தா 7.6. திரும்ப ஊத்தினேன். மறுநாளும் அதே கதை. மூணாம் நாள் ஒண்ணு போச்சு, அஞ்சாம் நாள் இன்னொண்ணு.

போர் தண்ணில பைகார்பனேட் நிறைய இருக்கும். நீங்க ஊத்துற ஆசிடை அது விழுங்கிட்டு, கொஞ்ச நேரத்துல பழைய இடத்துக்கே வந்து நிக்கும். அதுதான் பஃபர். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரில பஃபர் பத்தி எட்டு மார்க்குக்கு எழுதினவன் நான். முழு மார்க் வாங்கினேன். ரெண்டு மீன் செத்த பிறகுதான் பாடம் புரிஞ்சுது.

உண்மையில அதுங்க செத்ததுக்கு பிஎச் மட்டும் காரணம் இல்ல. புதுத் தொட்டில பாக்டீரியா வளரவே இல்ல. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டா மாத்தும். இந்த ரெண்டு கூட்டமும் ஃபில்டர்ல குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் குடுத்தது ரெண்டு நாள். அம்மோனியா எவ்வளவு விஷம் என்பதும் பிஎச் பொறுத்ததுதான். 30 டிகிரி தண்ணில பிஎச் 7ஆ இருந்தா, மொத்த அம்மோனியாவுல ஒரு சதவீதத்துக்கும் கம்மியான பங்குதான் விஷமான வடிவத்துல இருக்கும். 8 ஆச்சுன்னா அது கிட்டத்தட்ட பத்து மடங்கு. நான் பகல்ல குறைச்சு, ராத்திரில தானா ஏற விட்டு, அந்தப் பாவங்களை ஊஞ்சல் ஆட்டிட்டு இருந்திருக்கேன். (நான் எல்கேஜிலேர்ந்தே இங்கிலீஷ் மீடியம். இதுக்கெல்லாம் நல்ல தமிழ்ச் சொல் தெரிஞ்சா கமென்ட்ல சொல்லுங்க, திட்டாதீங்க.)

அப்புறம்தான் மீன் குடுத்த பண்ணைக்காரர்கிட்ட போய், "அண்ணே, நீங்க என்ன தண்ணில வளர்க்கறீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "போர் தண்ணிதான் தம்பி. ஒரு நாள் தொட்டில பிடிச்சு வெச்சு, காத்து விட்டு மாத்துவேன். முட்டை வைக்கற ஜோடிக்கு மட்டும் ஆர்.ஓ. கலப்பேன்." அவ்வளவுதான். பண்ணைல தலைமுறை தலைமுறையா வளர்ந்த மீன் அது. அதோட பாட்டி கூட அமேசானைப் பார்த்திருக்காது. நாமதான் அதுக்கு ரியோ நீக்ரோ கட்டிக் குடுக்கப் போறோம்னு கிளம்பறோம்.

அதனால "டிஸ்கஸ் ரொம்ப சென்சிடிவ்"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்கு வேண்டியது நிலையான தண்ணி, சுத்தமான தண்ணி. 28லேர்ந்து 30 டிகிரி சூடு வேணும், அதை சென்னை வெயில் சும்மாவே குடுக்குது. டிசம்பர், ஜனவரில மட்டும் ஹீட்டர் போடணும். ஏப்ரல், மே வந்தா பிரச்சினை தலைகீழ். தண்ணி சூடாக சூடாக ஆக்சிஜன் கரையறது குறையும், அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா நீங்கதான் விசிறணும். இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வேற ஒண்ணு.

அந்தச் சூட்டுல மீனுக்குப் பசி அதிகம். குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை தீனி. அதுவும் புரோட்டீன் நிறைஞ்ச தீனி. பழைய ஆளுங்க மாட்டு இதயத்தை அரைச்சு ஃப்ரீசர்ல வெச்சுக் குடுப்பாங்க. எங்க வீட்டு ஃப்ரீசர்ல அதுக்கு இடம் கிடைச்ச கதை தனிக் கட்டுரை. இவ்வளவு தின்னா அவ்வளவு கழிவு. ஃபில்டர் அம்மோனியாவைத்தான் மாத்தும், நைட்ரேட்டைத் தூக்கி வெளிய போடாது. அதை நீங்கதான் தூக்கணும், வாளில. நான் வாரம் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 100 லிட்டர் மாத்தறேன். தினமும் பாதித் தண்ணி மாத்தணும்னு சொல்றவங்களும் உண்டு.

நூறு லிட்டர்னா என்னன்னு ஒரு தடவை யோசிங்க. குடத்துக்கு 15 லிட்டர்னு வெச்சா ஏழு குடம். நகரத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு வெச்சுத்தான் குடிநீர்த் திட்டம் போடணும்னு என்விரான்மென்டல் இன்ஜினியரிங் பேப்பர்ல படிச்சோமே, ஞாபகம் இருக்கா? என் தொட்டி தண்ணி மாத்துற நாள்ல முக்கால் ஆளு. 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வத்திப் போனப்ப நான் ஸ்கூல் பையன். லாரி வர்ற சத்தம் கேட்டா ஹோம்வொர்க்கை விட்டுட்டு குடத்தோட ஓடுவேன். அந்த வரிசைல நின்ன அதே தெருவுல, நாலு மீனுக்கு வாரம் 300 லிட்டர் கொட்டறேன். இதை எழுதும்போது எனக்கே கூச்சமா இருக்கு. ஆர்.ஓ. தண்ணிலயே தொட்டி நிரப்பணும்னு சொல்றவங்களுக்கும் இதான் பதில். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு லிட்டரை வெளிய தள்ளும். பண்ணைக்காரர் மாதிரி போர் தண்ணிலயே வளருங்க. எடுத்த தண்ணியைச் செடிக்கு ஊத்துங்க, நைட்ரேட் செடிக்கு உரம். எங்க மாடில கறிவேப்பிலை காடு மாதிரி நிக்குது.

சரி, அந்த வாளியைத் தூக்கினது யாரு?

முதல் நாலு மாசம் நான். அப்புறம் காலேஜ் பஸ் 6.20க்கு. சாயங்காலம் லேப், கிளப், ட்ராஃபிக். "அம்மா, இன்னிக்கு மட்டும்"னு ஆரம்பிச்சேன். எங்க அம்மா வேலைக்குப் போறவங்க. எட்டே முக்காலுக்கு அவங்க பஸ். அதுக்கு முன்னாடி சமையல், டிபன் பாக்ஸ், அதுக்கும் முன்னாடி என் மீன். அப்பா ஃபில்டர் சத்தத்தைப் பத்தி மட்டும் கருத்து சொல்வார். செவன்த் செம்ல இன்டர்ன்ஷிப்புக்கு ரெண்டு மாசம் பெங்களூரு போனேன். "இன்னிக்கு மட்டும்" என்பது அறுபது நாள் ஆச்சு.

அந்த அறுபது நாள்ல ஒரு மீன் கூட சாகல என்பதை இங்க பதிவு பண்ணிடறேன். என்கிட்ட டெஸ்ட் கிட், மீட்டர், எக்செல் ஷீட் எல்லாம் இருந்துச்சு. அம்மா காலைல லைட் போட்டதும் மீன் முன்னாடி வருதா, மூலைல கறுத்துப் போய் நிக்குதான்னு பார்ப்பாங்க. ஒரு நாள் வீடியோ கால்ல, "நீலம் ரெண்டு நாளா சரியா சாப்பிடல, கலர் மங்குது, ஃபில்டர்ல தண்ணி மெதுவா விழுது"ன்னாங்க. ஸ்பான்ஜ் அடைச்சிருந்துச்சு. என் எக்செல்ல அன்னிக்கு எல்லாம் பச்சைதான்.

இன்னொரு நாள் ஆபீஸ்லேர்ந்தே போன். "டேய், குட்டிங்கெல்லாம் அப்பா அம்மா உடம்பைக் கொத்திக் கொத்தித் திங்குது, பிரிச்சு விடவா?" நான் கத்தினேன், "பிரிக்காதே!" டிஸ்கஸோட பெரிய விஷயமே அதுதான். தாய், தகப்பன் ரெண்டும் தோல்ல சுரக்கற வழவழப்பைத்தான் குஞ்சு சாப்பிடும், பால் குடிக்கற மாதிரி. குஞ்சு வளர்க்கற காலத்துல அந்தச் சுரப்புல புரோட்டீனும் எதிர்ப்பு சக்தியும் கூடுதலா இருக்குன்னு 2010ல ஒரு ஆய்வு வந்திருக்கு. மூணாவது வாரம் வாக்குல பெத்தவங்க தானே விலகிப் போக ஆரம்பிக்கும், குஞ்சுங்க வெளித்தீனிக்குப் பழகிடும். எங்க வீட்டுக் குஞ்சுங்க அதுவரைக்கும் தேறல. ஆனா ஒன்பது நாள் அம்மா ஆபீஸுக்கு லேட்டாப் போனாங்க.

"வீட்ல எல்லா வேலையும் அம்மாதானே பார்க்கறாங்க, இதுல என்ன புதுசு?"ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். சோறும் துணியும் எல்லாருக்கும் பொது மச்சான், அதுலயே நாம கை வைக்கறதில்ல என்பது வேற வெட்கம். இந்த மீன் நான் ஆசைப்பட்டு இழுத்து விட்டது. என் இன்ஸ்டால 'மை டேங்க்'னு போட்டிருக்கேன்.

கணக்கு எளிது. நல்லா வெச்சுக்கிட்டா டிஸ்கஸ் பத்து வருஷம் வாழும். உங்களுக்கு மிச்சம் இருக்கறது ஒரு செமஸ்டரோ, நாலு செமஸ்டரோ. எனக்கு ஜூலைல ஹைதராபாத். ஆஃபர் லெட்டர்ல மீனுக்கு ரீலொகேஷன் அலவன்ஸ் கிடையாது.

அப்பவும் வாங்கியே தீருவேன்னு நிக்கறவங்களுக்கு ஒரு யோசனை. தொட்டி வாங்குங்க, ஃபில்டர் போடுங்க, மீன் வாங்காதீங்க. எப்படியும் பாக்டீரியா வளர ஆறு வாரம் வேணும். கடைல அம்மோனியம் குளோரைடு வாங்கி சொட்டுச் சொட்டா விட்டு அதை வளருங்க. அது வளர்ந்ததும் இன்னும் ரெண்டு வாரம், வெறும் தொட்டிக்கு, வாரம் மூணு தடவை ஏழு குடம் தண்ணி நீங்களே மாத்துங்க. இன்டர்னல் வர்ற வாரமும் சேர்த்து. வீட்ல யார்கிட்டயும் "இன்னிக்கு மட்டும்" சொல்லக் கூடாது. முதல் மூணு தடவைலயே உங்களுக்குப் பதில் தெரிஞ்சிடும். தேறிட்டீங்கன்னா அஞ்சு, ஆறா வாங்குங்க. ஒண்ணு, ரெண்டுன்னு வாங்கினா பலமானது மத்ததை அடிச்சே கொன்னுடும். ரெண்டு இன்ச் குட்டில பெரிய மீனோட கலர் முழுசா தெரிஞ்சா தள்ளி நில்லுங்க, ஹார்மோன் குடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

என் நாலையும் பண்ணைக்காரர் அண்ணனே திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லிட்டார். போன ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டே, "நல்லது, குடுத்துடு. முதுகு வலிக்குது"ன்னாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, தொட்டியைப் பார்த்துட்டே, "அந்தச் செவப்பு ஒண்ணை மட்டும் வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

டிஸ்கஸைத் தனியா வெச்சா மூலைலயே ஒண்டிக் கிடக்கும், சரியா சாப்பிடாதுன்னு நான் இன்னும் சொல்லல. அண்ணன் அடுத்த ஞாயிறு வர்றார்.