நின்ற ரயில் குற்றவாளி அல்ல



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது புதுப் புதுச் சொற்களையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அவற்றுள் ஒன்று ‘டேஷ்போர்டு’. “கம்பெனியில் எங்களுக்கு டேஷ்போர்டு போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் அம்மா” என்று மகள் சொல்வாள். அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. “நல்லாப் படி, தாயி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த அம்மாவுக்குப் புரியாத அளவுக்கு இது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்த மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

நம் தோட்டத்து லோரியில் டிரைவருக்கு முன்னால் ஒரு பலகை இருக்கிறதல்லவா? அதன் பெயர்தான் டேஷ்போர்டு. அதில் வேகம் தெரியும், எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், இயந்திரத்தின் சூடு தெரியும். லோரியில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் உண்டு. அத்தனையையும் அந்தப் பலகை காட்டுவதில்லை. டிரைவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்ய எது தேவையோ, அதை மட்டும் காட்டுகிறது. முள் கீழே இறங்கினால் எண்ணெய் போட வேண்டும். சூடு ஏறினால் ஓரமாக நிறுத்த வேண்டும்.

வியாபாரத்திலும் அலுவலகத்திலும் இன்று செய்வது இதுவேதான். குவிந்து கிடக்கும் கணக்கிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, கோடாகவும் புள்ளியாகவும் வண்ணமாகவும் ஒரே பலகையில் காட்டுகிறார்கள். பார்த்தவுடன் முடிவெடுக்க உதவினால் அது நல்ல பலகை. பார்த்த பிறகும் “இதை வைத்து என்ன செய்வது?” என்று கேட்க வைத்தால் அது வெறும் அலங்காரம்.

பூக்கடைக் கணக்கு

லிட்டில் இந்தியாவுக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போகும் வழியில் பூக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓர் அக்காள் பூக்கடை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார். போட்ட முதல் வந்துவிட்டது, கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. “பரவாயில்லை” என்று நோட்டை மூடிவிடுகிறார்.

அந்த நோட்டிலேயே ஒளிந்திருக்கும் சங்கதி ஒன்று உண்டு. கட்டம் போட்ட தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாளும் விற்காமல் வாடிய சரங்களுக்கு ஒன்றுக்கு ஒரு கட்டம் வீதம் நிரப்பிப் பார்க்கட்டும். செவ்வாயிலும் வெள்ளியிலும் கட்டமே இராது. திங்களிலும் புதனிலும் கட்டம் கோபுரம்போல் எழும்பி நிற்கும். வாரக் கூட்டுத்தொகை ‘லாபம்’ என்று சொன்னது. நாள்வாரிப் படமோ ‘திங்களும் புதனும் பாதிச் சரம் வாங்கு’ என்கிறது. இரண்டும் உண்மைதான் என்றாலும், அக்காளின் பணத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது உண்மை.

சிங்கப்பூர் வீடமைப்புப் பேட்டைகளில் டெங்கிக் காய்ச்சல் பதாகைகள் தொங்குவதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள தேசியச் சுற்றுப்புற வாரியம் வண்ணத்தாலேயே பேசுகிறது. ஒரு வட்டாரத்தில் நோயாளிகள் 10 பேருக்குக் குறைவென்றால் மஞ்சள். 10 பேரோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. புதிதாக யாருக்கும் வரவில்லை, ஆனாலும் கவனமாக இருங்கள் என்பதற்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சிவப்பைப் பார்த்தால் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுவார். பலகை அமைப்பவர்கள் பாடம் கற்க வேண்டியது இந்தப் பாட்டியிடம்தான்.

வட்டப் பாதையில் ஒரு மர்மம்

இனி, சிங்கப்பூரில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சிக்கு வருவோம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற ரயில் பாதையில் ஏறினால் சிறிது நேரத்தில் சிராங்கூன் நிலையம் வரும். அங்கே இறங்கி வட்டப் பாதை ரயிலுக்கு மாறலாம். வட்டப் பாதையில் ஓடும் ரயில்களுக்கு ஓட்டுநர் கிடையாது. சமிக்ஞையைக் கொண்டே அவை ஓடுகின்றன. அந்தச் சமிக்ஞை அறுந்தால் ரயில் தானாகவே அவசரத் தடை போட்டு நின்றுவிடும். பயணிகளின் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது.

2016 ஆகஸ்டு 28 தொடங்கிச் சில நாள்களுக்கு இந்தப் பாதையில் ரயில்கள் காரணமின்றித் திடீர் திடீரென்று நின்றன. பிறகு அடங்கின. நவம்பர் தொடக்கத்தில் மறுபடியும் ஆரம்பித்தன. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தவித்தார்கள். ரயிலை நடத்தும் எஸ்எம்ஆர்டி நிறுவனத்துப் பொறியாளர்களும் நிலப் போக்குவரத்து ஆணையத்தினரும் தேடித் தேடிப் பார்த்தார்கள். காரணம் அகப்படவில்லை.

நவம்பர் 5-ஆம் தேதி சனிக்கிழமை, அரசாங்கத்தின் தரவு ஆய்வாளர்கள் மூவர் கிம் சுவான் ரயில் பணிமனைக்குப் போனார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது ஒரு பட்டியல். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எந்த ரயில், எந்தத் திசை என்று நின்றுபோன ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு வரி. மொத்தம் 259 நிகழ்ச்சிகள்.

முதலில், யாரும் போடக்கூடிய படங்களைப் போட்டார்கள். எந்த நேரத்தில் அதிகம்? நாள் முழுவதும் பரவிக் கிடந்தது. எந்த இடத்தில் அதிகம்? பாதை நெடுகிலும் இருந்தது. எந்த ரயில் அதிகம் நிற்கிறது? ஒன்றிரண்டு அல்ல, பல ரயில்கள் நின்றிருந்தன. மூன்று படம் போட்டும் விடை கிடைக்கவில்லை.

இங்கேதான் கெட்டிக்காரத்தனம் வருகிறது. நேரத்தைத் தனியாகவும் இடத்தைத் தனியாகவும் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தார்கள். நிலையங்களின் பெயரைக் குறுக்காக எழுதினார்கள். நேரத்தை மேலிருந்து கீழாகக் குறித்தார்கள். ரயில் நின்ற ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும், அந்த இடத்தில், அந்த நேரத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். இது புதுக் கண்டுபிடிப்பன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டில் மாரே என்ற அறிஞர் பாரிஸ்–லியோன் ரயில் நேரங்களை இப்படி வரைந்த படத்தைத் தம் நூலில் வெளியிட்டிருக்கிறார். இந்தப் படத்தில் ஓடும் ரயில் சாய்ந்த கோடாகத் தெரியும். எதிர்த்திசை ரயில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

புள்ளிகளை வைத்ததும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு ரயில் நின்றால், சிறிது நேரத்தில் அதன் பின்னால் வரும் ரயில் நிற்கிறது. பிறகு அதற்கும் பின்னால் வருவது நிற்கிறது. புள்ளிகளைச் சேர்த்தால் சாய்ந்த கோடு ஒன்று வருகிறது. அந்தக் கோடு, நின்ற ரயில்களுக்கு எதிர்த்திசையில் போகிறது!

இதற்கு என்ன பொருள்? நம் தோட்டத்துச் செம்மண் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து பத்துப் பேர் சைக்கிளில் வரிசையாக வருகிறார்கள். எதிரே ஒரு வெறிநாய் நடந்து வருகிறது. முதல் ஆள் பயந்து விழுகிறார். கொஞ்ச தூரம் தள்ளி இரண்டாம் ஆள் விழுகிறார், பிறகு மூன்றாம் ஆள். மருந்தகத்து நோட்டில் விழுந்தவர்களின் பெயர் மட்டுமே பதிவாகும். நாயின் பெயர் அதில் இராது, ஏனென்றால் நாய் விழவில்லை.

வட்டப் பாதையிலும் அப்படியே. எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் போகிறது. அது கடந்து போகும்போதெல்லாம் பக்கத்து ரயிலின் சமிக்ஞை கெடுகிறது. அந்த ரயில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நின்ற ரயில்களின் பட்டியலில் எவ்வளவு தேடியும் அது அகப்படவில்லை.

இந்த ஊகத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 259 நிகழ்ச்சிகளில் 189, அதாவது நூற்றுக்கு 73, இதற்குள் அடங்கின. நிலையங்களில் பதிவான காணொளிகளைப் பார்த்து, அந்த நேரங்களில் எதிரே போன ரயில் எது என்று தேடினார்கள். பி.வி. 46 என்ற ரயில் அகப்பட்டது. மறுநாள், நவம்பர் 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அந்த ரயிலை ஓட்டியே சோதித்தார்கள். அது போன இடத்தில் பக்கத்து ரயில்கள் சமிக்ஞையை இழந்தன. பிறகு அதன் பழைய ஓட்டக் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அதனோடு பொருந்தின. அந்த ஒரே ரயிலின் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறுதான் அவற்றுக்குக் காரணம்.

நமக்கு இதில் என்ன?

“ரயில் கதை நன்றாகத்தான் இருக்கிறது சார், எங்களுக்கு இதில் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

பால்வெட்டுக்குப் போகும் ஒரு தாயாரின் எடை இந்த மாதம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் அவருடைய பெயருக்கு நேரே எண் குறைந்திருக்கிறது. உடனே “வேலையில் கவனமில்லை” என்று பேச்சு வருகிறது. நின்ற ரயிலைக் குற்றவாளியாக்குவதும் இதுவும் ஒன்றே. அதே நிரையின் பக்கத்தில் வெட்டியவர்களின் எடை என்ன? எந்தெந்த நாளில் குறைந்தது? அந்த நாள்களில் மழை பெய்ததா? மரத்தின் வயது என்ன? இவற்றை ஒரே தாளில் வரைந்தால், குறைந்தது அந்த ஒருவருக்கு மட்டுமா அல்லது அந்தப் பகுதிக்கே குறைந்ததா என்பது தெரிந்துவிடும். பகுதிக்கே குறைந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டியது மரத்தையும் மழையையும். செம்பனைக் குலைக் கணக்குக்கும் இது பொருந்தும்.

பள்ளிக்கூடத்திலும் அப்படியே. ஒரு பையன் மாதத்தில் ஆறு நாள் வரவில்லை என்றால் ‘சோம்பேறி’ என்று எழுதிவிடுவது சுலபம். அந்த ஆறு நாளையும் நாள்காட்டியில் வட்டமிட்டுப் பாருங்கள். ஆறும் மழைநாளாக இருந்தால் ஆற்றுப் பாலத்தைப் பார்க்க வேண்டும். ஆறும் திங்களாக இருந்தால் வீட்டில் ஞாயிறு இரவு என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். பழியைச் சுமப்பவன் ஒருவன், காரணம் வேறொன்று என்ற நிலை நம் வாழ்க்கையில் எத்தனை முறை வந்திருக்கிறது! எண்ணைப் படமாக்கத் தெரிந்தவர் அந்தப் பழியிலிருந்து தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு.

படத்திலும் பொய் உண்டு

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். படம் காட்டிவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அந்த ஆய்வாளர்கள் படத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ரயிலை ஓட்டிச் சோதித்த பிறகே முடிவு வந்தது. நூற்றுக்கு 100 என்று சொல்லி மார்தட்டவும் இல்லை.

வேண்டுமென்றே ஏமாற்றும் படங்களும் உண்டு. போன மாத விளைச்சல் 18 டன், இந்த மாதம் 19 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண் படத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 17-லிருந்து தொடங்கினால், ஒரு தூண் மற்றதைப்போல் இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். உண்மையில் கூடியது ஒரே டன். ஆகவே, யாராவது படம் காட்டினால் அடியில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்றும் கேளுங்கள்.

எப்படித் தொடங்குவது?

இதற்குக் கணினி வேண்டும், ஆங்கிலம் வேண்டும் என்று தயங்க வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இரண்டு வண்ணப் பென்சிலும் போதும். வீட்டு மின்சாரக் கட்டணத்தை ஓர் ஆண்டுக்கு மாதவாரியாக வரையுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துவைத்து, வேலை நாளையும் கூலியையும் ஒரே தாளில் குறியுங்கள். வரையும் முன் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: ‘இந்த எண் மாறினால் நான் எதை மாற்றிச் செய்வேன்?’ பதில் இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடலாம். ஒரு பலகைக்கு நாலைந்து எண்ணே தாராளம்.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் இதை முறையாகவும் கற்கலாம். 25 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சிச் செலவுக்காக 500 வெள்ளியை 2016-ஆம் ஆண்டு ‘ஸ்கில்ஸ்பியூச்சர்’ திட்டத்தின்கீழ் அரசாங்கம் ஒதுக்கியது. வேலை அனுமதியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கம்பெனி தரும் பயிற்சியை அவர்கள் விட்டுவிடக் கூடாது. கைப்பேசியிலேயே கணக்கு அட்டவணை போடும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. புள்ளிகளைக் கோடாக்கிப் பழக அது போதும்.

அடுத்த முறை மகள் ஊருக்கு வந்து “டேஷ்போர்டு” என்று சொன்னால், அடுப்படிக்குப் போய்விடாதீர்கள், அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து, “அதைப் பார்த்து உங்கள் முதலாளி என்ன முடிவு எடுக்கிறார்?” என்று கேளுங்கள். “அந்த நோட்டில் பெயர் வராதது எது?” என்றும் கேளுங்கள். பிள்ளை ஒரு நிமிடம் யோசிப்பாள். அவள் கற்ற கல்விக்கு அந்த ஒரு நிமிடம் மிகவும் அவசியம்.