பரணில் உறங்கும் பொன்னும் ஈயமும்

பெருநாளுக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்யும்போது பரணிலிருந்து முதலில் இறங்குவது பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிதான். 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே தமிழகமெங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவை வந்து சேராத தெரு அரிது. இன்று அவை ஓடுவதில்லை; எறியவும் மனம் வருவதில்லை. ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவரின் வண்டியில் ஏற்றிவிட்டு, கிடைத்த ரூபாயைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறோம். அத்துடன் நம் பொறுப்பு முடிந்ததாக எண்ணுகிறோம்.

அது முடிவதில்லை. கிடங்குகளில் பெட்டியின் படக்குழாயைக் கழுத்தில் உடைத்துச் செம்புச் சுருளை உருவிக்கொள்கின்றனர். மீந்த கூம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. அதை வாங்க ஆளில்லை, ஆதலால் ஓடையோரம் கொட்டப்படுகிறது. செம்புக்காக மின்கம்பிகளைக் கொளுத்தினால், பிளாஸ்டிக் உறையின் புகையோடு டையாக்சின் நஞ்சும் எழுகிறது. ஈயமோ வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் மாவட்டம் நம்முடையது.

இதே குப்பையில் செல்வமும் இருக்கிறது என்பதுதான் வியப்பு. ஒரு டன் சுரங்கத் தாதுவில் சில கிராம் பொன் கிடைத்தாலே பெரிது. ஒரு டன் பழைய கைப்பேசிகளிலோ ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்காக 2017 முதல் 2019 வரை ஜப்பானிய மக்கள் கொடுத்த ஏறத்தாழ 79,000 டன் பழைய சாதனங்களிலிருந்து 32 கிலோ பொன் பிரித்தெடுக்கப்பட்டது. சுமார் 5,000 பதக்கங்களும் அவ்வாறு கிடைத்த உலோகங்களால் ஆனவையே. (85 கிராம் என்னும் ஜகாத் வரம்பை எட்ட ஏறத்தாழ மூவாயிரம் கைப்பேசிகள் வேண்டும். ஆகவே மேசை இழுப்பறையில் கிடக்கும் இரண்டை எண்ணி யாரும் கலங்க வேண்டியதில்லை!)

முறையான ஆலையில் மின்சுற்றுப் பலகைகளை நொறுக்கிப் பொடியாக்கி, மாதிரி எடுத்து, எந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்று ஆய்ந்த பின்னரே உருக்குகின்றனர். பெல்ஜியத்தின் ஹோபோகன் நகரிலுள்ள ஆலை இவ்வாறு 17 உலோகங்களை மீட்கிறது. பின்கட்டில் திராவக வாளியோடு அமர்ந்திருக்கும் இளைஞர் கண்ணால் கண்டு பொன்னைத் தேடுகிறார்; மற்ற உலோகங்களில் பல கழிவுநீரோடு போகின்றன. புகை அவர் நெஞ்சில் தங்குகிறது.

இதற்காக அந்த வணிகரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. ‘காயலான் கடை’ என்ற பெயரே காயல்பட்டினத்து முஸ்லிம்களின் வணிகத்தால் வந்தது என்பர். இன்றும் நம் உறவினர் பலருக்கு இத்தொழிலே சோறு போடுகிறது. வீடுவீடாகச் சென்று திரட்டும் திறமை அவர்களிடமே உண்டு. அது அவர்களிடமே இருக்கட்டும். உடைப்பதும் எரிப்பதும் திராவகத்தில் ஊறவைப்பதுமே விலக்கப்பட வேண்டியவை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, உற்பத்தி நிறுவனங்களே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்று அதற்கான சான்று பெற வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு திரட்டித் தரும் நம் வணிகரையும் அடைந்தால் அவர் ஏன் கம்பியைக் கொளுத்தப் போகிறார்?

நம் மஹல்லா ஜமாஅத்துகள் ஆண்டுக்கு இருமுறை பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கலாம். விழுப்புரமும் திண்டிவனமும் சேர்ந்து ஒரு வண்டி நிறையத் திரட்டினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு அனுப்புவது எளிது. அவற்றுள் பல சென்னையைச் சுற்றியே உள்ளன. விலை சற்றுக் குறையலாம்; நஞ்சை அப்புறப்படுத்தும் செலவை எரிப்பவர் ஏற்பதில்லை, அவர்கள் ஏற்கிறார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் பழைய கைப்பேசியைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் வேறு: அதில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. அந்த அச்சம் நியாயமானது. திரட்டும் நாளில் விவரமறிந்த சகோதரி ஒருவர் உடனிருந்து, ஒவ்வொரு கைப்பேசியையும் உரியவர் கண்ணெதிரே அழித்துக் கொடுத்த பின்னரே பெட்டியில் இடவேண்டும்.