எதிரணி தோற்ற சனிக்கிழமை



உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். கொலம்பஸ் நகரின் ஒஹாயோ ஸ்டேட்டிலோ, ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்த பிள்ளை முதல் செமஸ்டரில் வீட்டுக்கு போன் செய்தால், பாடத்தைவிடக் கால்பந்தைப் பற்றித்தான் அதிகம் பேசும். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அந்தப் பேச்சில் பெற்றோருக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. தங்கள் அணி ஆடாத ஆட்டத்தில், எதிரணி வேறு யாரிடமோ தோற்றதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? எனக்கு மிகவும் பிடித்த சந்தோஷம் இது. இந்த மாதப் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை. மிச்சிகன் அப்போது தேசத் தரவரிசையில் 5-ஆம் இடம். ஆன் ஆர்பர் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு, வட கரோலினாவின் பூன் என்ற மலையூரிலிருந்து அப்பலேச்சியன் ஸ்டேட் வந்திருந்தது. கீழ்ப் பிரிவு அணி. அந்தப் பிரிவில் அது சாம்பியன்தான் என்றாலும், மிச்சிகனுக்கு இது சும்மா உடம்பு தளர்த்திக்கொள்ளும் ஆட்டம் என்றே பேச்சு. இடைவேளையில் பார்த்தால் அப்பலேச்சியன் 28-17 என்று முன்னால் நிற்கிறது. மிச்சிகன் முட்டி மோதி 32-31 என்று முந்தியது. 26 வினாடிகள் மிச்சமிருந்தபோது அப்பலேச்சியன் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு பீல்டு கோல் எடுத்தது. 34-32. அதோடும் முடியவில்லை. மிச்சிகனின் ஒரே வீச்சில் பந்து 46 கஜம் முன்னேறிவிட்டது. 6 வினாடி பாக்கி. 37 கஜத்திலிருந்து உதைத்தால் வெற்றி. உதைத்தார்கள். அப்பலேச்சியனின் கோரி லிஞ்ச் பாய்ந்து அந்தப் பந்தை மறித்தார், துள்ளிய பந்தை அள்ளிக்கொண்டு ஓடினார்.

பூன் நகரில் மாணவர்கள் தங்கள் மைதானத்தின் கோல் கம்பத்தையே பிடுங்கி, பல்கலைக்கழகத் தலைவர் வீடுவரை தூக்கிப் போனார்கள். மிச்சிகனின் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டும் அன்று யங்ஸ்டவுன் ஸ்டேட்டை 38-6 என்று வென்றிருந்தது. அந்த வெற்றியை இன்று யார் பேசுகிறார்கள்? 34-32 என்ற கணக்கையோ, அந்தத் தலைமுறை ஒஹாயோ ரசிகரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இந்த உணர்வை ஆராய்ச்சியாளர்களும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் மீனா சிக்காராவும் அவருடன் பணியாற்றியவர்களும், நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற இரண்டு பேஸ்பால் அணிகளின் தீவிர ரசிகர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஆட்டக் காட்சிகளைக் காட்டினார்கள். எதிரணி, சம்பந்தமே இல்லாத மூன்றாவது அணியிடம் சறுக்கும்போதுகூட, பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி வேலை செய்தது. ஆகவே உங்கள் பிள்ளையின் கூத்தாட்டத்தில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் யார் தோற்றாலும் இது வந்துவிடாது. தலைமுறை தலைமுறையாக மனசில் எதிரியாக இடம் பிடித்தவர் தோற்க வேண்டும். டொலீடோ நகரமும் அதைச் சுற்றிய நிலமும் யாருக்கு என்று 1835-இல் ஒஹாயோவும் மிச்சிகனும் படை திரட்டி நின்றிருக்கின்றன. கால்பந்தில் முதலில் மோதியது 1897-இல். ஒஹாயோவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் வுடி ஹேஸ் மிச்சிகன் என்று பெயர் சொல்லமாட்டார். ‘வடக்கே இருக்கிற அந்த அணி’ என்பார். இன்றும் மிச்சிகன் ஆட்டம் நடக்கும் வாரத்தில், கொலம்பஸ் வளாகத்தின் பெயர்ப் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்துகளின் மேல் சிவப்பு டேப் ஒட்டிவிடுகிறார்கள்.

எதிரணி நொடிந்துபோனால் இந்தச் சந்தோஷமும் சப்பென்று ஆகிவிடும் என்பது என் எண்ணம். 2008-இல் மிச்சிகன் 12 ஆட்டங்களில் 9-இல் தோற்றது. ஒஹாயோ அதை 42-7 என்று நசுக்கியது. 2006-இல் முதலிடமும் இரண்டாமிடமும் மோதி ஒஹாயோ 42-39 என்று தப்பிப் பிழைத்ததே, அந்த வெற்றியின் பக்கத்தில் இது நிற்குமா? எதிராளி பலசாலியாக இருக்க வேண்டும், இருந்தும் தோற்க வேண்டும். ரசிக மனசு கேட்பது இதைத்தான்.

அந்த 2006 ஆட்டத்துக்கு முந்தைய நாள் மிச்சிகனின் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இறந்துபோனார். ஒஹாயோவில் பிறந்தவர். வுடி ஹேஸிடம் உதவியாளராக இருந்து, பிறகு மிச்சிகனுக்குப் போய், 1969-இல் குருவின் அணியையே 24-12 என்று வீழ்த்தியவர். ஒஹாயோக்காரர்களுக்கு அவர் தந்த வலி கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் கொலம்பஸ் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு உட்கார்ந்து, மிச்சிகன் தோற்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டுமே உண்மையான உணர்வு என்று நான் நம்புகிறேன்.

எனக்குக் கவலை தருவதும் ஒன்று உண்டு. எதிரணியின் சறுக்கலைப் பார்த்து மூளை அதிகம் துள்ளியவர்கள், எதிரணி ரசிகரைத் திட்டவும் அடிக்கவும்கூடத் தயங்கமாட்டோம் என்று அதிகம் சொன்னதாக அதே ஆய்வு காட்டியது. 2024 நவம்பரில் மிச்சிகன் 13-10 என்று வென்று, கொலம்பஸ் மைதானத்தின் நடுவில் தன் கொடியை நட முயன்றபோது கைகலப்பாகி, போலீசார் பெப்பர் ஸ்ப்ரே அடிக்க வேண்டியதாயிற்று. களத்தில் இருப்பவர்கள் இருபதை ஒட்டிய கல்லூரிப் பிள்ளைகள். பீல்டு கோலைத் தவறவிட்ட பையனின் கைபேசிக்கு இன்று நேரடியாக வசவு போய்ச் சேர்கிறது. எதிரணி தோற்றதற்கு மேளம் அடியுங்கள், ஆடுங்கள், பாடுங்கள். அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு வரியும் அனுப்பாதீர்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை இரண்டு அணிகளும் மோதும். உங்கள் வீட்டில் யாராவது கொலம்பஸிலோ ஆன் ஆர்பரிலோ இருந்தால், ஆட்டம் முடிந்ததும் பேசி, அவர்கள் சொன்னதை எங்களுக்கு எழுதுங்கள். அண்ணன் ஒஹாயோ, தங்கை மிச்சிகன் என்று இருக்கும் வீடுகளின் கடிதங்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்