புகையைக் கல்லாக்குவது இருக்கட்டும், குழிக்கு யார் பதில் சொல்வது?



சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியில் வரும் கரியமில வாயுவைப் பிடித்து, அதையே செங்கல்லாகவும் ஜல்லியாகவும் மாற்றப் போகிறோம் என்கிறார்கள். 2019-ல் நம் அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் ஆலை வரும் என்று அறிவிப்பும் வந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாம் நாலு கேள்வி கேட்காமல் கைதட்ட முடியுமா?

முதலில் விஷயத்தைப் புரிஞ்சுக்குவோம். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போய்விடும். சுடுவதற்கு எரிக்கிற நிலக்கரியின் புகை தனிக் கணக்கு. உலகம் முழுக்க மனிதன் வெளியேற்றும் கரியமில வாயுவில் 100-க்கு 7, 8 பங்கு சிமெண்ட்டால் வருவது.

அந்த வாயுவைத் திரும்பக் கல்லாக்க முடியுமா? முடியும். நம் பாட்டன் வீட்டில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் குடித்துத்தான் இறுகியது. கனடாவில் கான்கிரீட் கலக்கும்போதே வாயுவைச் செலுத்துகிறார்கள். இங்கிலாந்தில் குப்பை எரித்த சாம்பலோடு சேர்த்து ஜல்லி செய்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு நாம எதிரி இல்லை.

ஆனால் வாயு கல்லாக வேண்டுமானால் அதோடு சேரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகப் புதுசா கல்லைச் சுட்டால், பிடித்த வாயுவுக்கு ஈடாக அதே அளவு வாயு சூளை வழியே போய்விடும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் விட்ட கதைதான்! நிலக்கரிச் சாம்பல், இரும்பாலைக் கசடு போன்ற கழிவிலிருந்து அந்தச் சத்தை எடுத்தால்தான் லாபம்.

பிடித்த வாயு எங்கே போய் முடிகிறது என்பதும் முக்கியம். 2016-ல் தூத்துக்குடியில் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யும் திட்டத்தை உலகமே பேசியது. சோடா உப்பு கண்ணாடி செய்ய உதவும். ஆனால் கண்ணாடி உலையில் அது உருகும்போது உள்ளே இருந்த வாயு மறுபடி வெளியே வந்துவிடும்!

புகையைச் செங்கல்லாக்குவோம் என்று சொன்னது இது முதல் தடவையா? அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிடித்த சாம்பலை முழுக்க செங்கல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் பயன்படுத்த வேண்டும், வயல் மேல்மண்ணைக் காக்க வேண்டும் என்று 1999-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. 2009-ல் திருத்தம், 2016-ல் திருத்தம், 2021-ல் புது உத்தரவு. கெடு நகர்ந்துகொண்டே போச்சு. சாம்பல் குட்டைகள் நகரவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். வாயுவைப் பிடித்தாலும் சிமெண்ட்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல் ஒரு கூடைகூடக் குறையாது. குழி ஆழமாகிக்கொண்டே போகும். குழித் தண்ணீரை இறைக்க இறைக்க நம் கிணறு வற்றும். மக்காச்சோளத் தோகையில் படியும் தூசியும், ஊர் நடுவே பறக்கும் லாரியும் அப்படியே இருக்கும். போதாததுக்கு, வாயுவைப் பிடித்த திரவத்தைச் சூடாக்கிப் பிரிக்க நீராவி வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும், தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் யார் வீட்டுத் தண்ணீர்?

2023-ல் மத்திய அரசு கார்பன் கடன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. வாயுவைக் குறைத்தால் காசு. குறைத்த வாயுவுக்கு விலை உண்டு. வற்றிய கிணற்றுக்கு விலை இல்லையா?

நாம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை:

1. எவ்வளவு வாயு பிடிக்கப்படும், எங்கே போகும், எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்ற கணக்கைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வைக்க வேண்டும். 2019 அறிவிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

2. வாயுவுக்கு முன்னால் தூசியைப் பிடி! இரவிலும் தூசி வடிகட்டிகள் ஓட வேண்டும். தூசி அளவை ஊர்ப் பலகையில் தினமும் எழுத வேண்டும்.

3. 2015 சட்டத் திருத்தப்படி பழைய குத்தகைச் சுரங்கங்கள் ராயல்டியில் 30 சதமும், ஏலத்தில் போன சுரங்கங்கள் 10 சதமும் மாவட்டக் கனிம நிதிக்குக் கட்டுகின்றன. அது நம் பணம். கிணறு, ரோடு, ஆஸ்பத்திரி என்று எதற்குச் செலவானது என வரவு செலவை வாசிக்க வேண்டும்.

4. கல் தீர்ந்த குழிகளுக்குச் சரிவும் வேலியும் போட்டு, தேங்கும் தண்ணீரைப் பாசனத்துக்கு விட வேண்டும்.

5. கார்பன் கடன் வருமானத்தில் சுரங்க கிராமங்களுக்குப் பங்கு வேண்டும்.

விவசாயிகளே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பாதீர்கள். எழுந்து நின்று இந்த ஐந்தையும் கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நிலம் கொடுத்தவன் நாம்! தூசி தின்பவன் நாம்! கணக்குக் கேட்பவனும் நாமே!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!